கொடை மகுடத்தில் பீட் போட்டேன், லேபிள்காரர் கையெழுத்துக் கேட்கிறார்

கேள்வி: வீரவநல்லூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. பகலில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. ராத்திரி லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் மியூசிக் போடுவேன். எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், சாமி கதை பாடி ஆடும் கணியான் கூத்துக்கு அடித்த மகுடம் என்ற தோல் வாத்தியத்தை போனில் பிடித்து, அதன்மேல் பீட் சேர்த்து நாலு ட்ராக் செய்திருக்கிறேன். நாலும் யூடியூபில் இருக்கின்றன, 212 சந்தாதாரர்கள். அதில் ஒன்றுக்கு காப்பிரைட் கிளைம் வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒரு லேபிள்காரர் (பாட்டு வெளியிடும் கம்பெனி வைத்திருப்பவர்), 6,500 ரூபாய் கட்டி அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டால் காப்பிரைட் பதிவு செய்து எல்லா ஆப்பிலும் ஏற்றித் தருகிறேன் என்கிறார். பதிவு செய்யாவிட்டால் யாராவது திருடிவிடுவார்கள், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்கிறார். போடலாமா சார்?

பதில்: போடாதீர்கள் தம்பி. பணமும் கட்டாதீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த அக்ரிமெண்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பூச்சாண்டி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பதிவினால் வருவதில்லை. ட்ராக்கை முடித்து நீங்கள் சேமித்தபோதே வந்துவிட்டது. இசையமைத்தவர் என்ற வகையில் ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவைத் தயாரித்தவர் என்ற வகையில் இன்னொன்று. உங்கள் லேப்டாப்பில் நீங்களே உட்கார்ந்து செய்ததால் இரண்டும் உங்களுடையவை. பதிவு செய்வது ஆதாரத்துக்கு. வழக்கு வந்தால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கட்டணம் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆன்லைனில் நீங்களே கட்டலாம்.

கட்டிய பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 30 நாளுக்கு அப்புறம் ஃபைல் எங்கே போகிறது, யார் மேசையில் தூங்குகிறது என்பது டில்லி துவாரகாவில் பதிப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே வெளிச்சம். 2021-இல், இந்த அலுவலகத்தின் முடிவு பிடிக்காதவர்கள் முறையிட இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் கலைத்து, அதன் வேலையை உயர்நீதிமன்றங்களின் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டு மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பீட் போடுகிற பையன் உயர்நீதிமன்றப் படியேறுவான் என்று எந்த மகராசன் நினைத்தானோ! இந்த இழுவை தெரிந்துதான் இடைத்தரகர்கள் முளைக்கிறார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கிற ஆட்கள் மாதிரி, உள்ளே தாமதமாகத் தாமதமாக இவர்களுக்கு வரும்படி. இப்போதைக்கு உங்கள் ப்ராஜெக்ட் ஃபைல்கள், ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தனி ஃபைல்கள், மூலப் பதிவு எல்லாவற்றையும் தேதி மாறாமல் இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். வழக்கில் அதுதான் பேசும். ஒன்று கவனம்: எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளின் இலவச டிரையலில் சேமிக்க முடியும், சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது. அதற்காகக் கிராக் வெர்ஷன் பக்கம் போய் லேப்டாப்பை வைரஸுக்குத் தாரை வார்க்காதீர்கள். எல்எம்எம்எஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

இனி அக்ரிமெண்ட். நாலாவது பக்கத்தில், நாலு ட்ராக்கின் உரிமையும் காலவரையறை இல்லாமல், உலகம் முழுவதற்கும் அவருக்கு மாற்றப்படுகிறது என்று இருக்கிறது. ‘ஏற்றித் தருகிறேன்’ என்று சொன்னவருக்கு எதற்கு முழு உரிமை? ஏற்றுவதற்கு அனுமதி போதுமே. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று நம் சட்டமே படைப்பாளிக்குச் சாதகமாக வைத்திருக்கிறது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகும் என்றும் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. இவர் மூன்றையும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். சட்டம் தெரிந்த ஆள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எட்டாவது பக்கத்தில் இன்னொன்று. தகராறு வந்தால் மும்பை நீதிமன்றத்தில் மட்டும் என்கிறது. பதிப்புரிமை மீறலுக்கு வழக்குப் போடுகிறவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்று சட்டத்தின் 62-ஆவது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது பாளையங்கோட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட். அந்த ஒரு வசதியையும் விட்டுக்கொடுத்து மும்பைக்கு ரயிலேறுவதற்கு நீங்களே 6,500 ரூபாய் தருகிறீர்கள்!

ஆப்களில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவற்றுக்குத் தனி ஆளாக நேரே போக முடியாது, ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும் என்பது உண்மை. ஆண்டுச் சந்தா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வருமானத்தில் பங்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். யாராயிருந்தாலும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும், விலகுகிற வழி எழுத்தில் இருக்க வேண்டும். சந்தாக்காரர்களிடம் ஒன்று கேளுங்கள்: கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா? லேபிள்காரர் ஐஎஸ்ஆர்சி எண்ணுக்குத் தனியாக 800 ரூபாய் போட்டிருக்கிறார். அது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீடு. டிஸ்ட்ரிபியூட்டர்கள் பெரும்பாலும் ஏற்றும்போதே கொடுத்துவிடுகிறார்கள்.

லேபிள்காரரின் கட்டணப் பட்டியலில் கடைசி வரியில் ‘10,000 ஸ்ட்ரீம் உத்தரவாதம்’ என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. அவை மனிதர்கள் கேட்கிற ஸ்ட்ரீம்கள் இல்லை, எந்திரம் ஓட்டுவது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை இப்படிப் போலியாக ஓட்டப்பட்ட பாட்டுகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வசூலிக்கிறது. அவர் அதை உங்கள் தலையில் வைப்பார், பாட்டும் போகும். அதே ஆண்டிலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கணக்கில் சேராது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. ஆக, யாராவது இன்று உங்களிடம் பணம் வாங்கினால் அது மட்டும்தான் உங்கள் இசையில் இன்றைக்குப் புழங்கும் பணம்.

கிளைம் பற்றிப் பயப்பட வேண்டாம். ஸ்ட்ரைக் வேறு, கிளைம் வேறு. ஸ்ட்ரைக் என்பது வீடியோவையே இறக்கிவிட்டுச் சேனலுக்குத் தரும் எச்சரிக்கை. ஸ்ட்ரைக் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால்தான் சேனல் போகும். கிளைமில் பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் மட்டும் கிளைம் செய்தவருக்குத் திரும்பும், உங்களுக்கு வருமானமே இல்லாதபோது நட்டமும் இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 48-ஆவது வினாடியில் கிளைம் தொடங்குகிறது. இலவச ஒலித் தொகுப்பு (பேக்) ஒன்றிலிருந்து எடுத்ததாக நீங்கள் சொன்ன சின்த் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்தசைசர் துண்டு, அங்கேதான் நுழைகிறது. அதே பேக்கை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இறக்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை, ஒரே ஒலி எங்கெல்லாம் வருகிறது என்று தானாகத் தேடும் யூடியூபின் கண்டெண்ட் ஐடியில் ஏற்றியிருக்கிறார். லூப் வைத்த பாட்டை அதில் ஏற்றக் கூடாது என்று யூடியூபே சொல்கிறது, யார் கேட்கிறார்கள்? எந்திரம் உங்களைப் பிடித்துவிட்டது.

‘டிஸ்ப்யூட்’ கொடுங்கள். காரணமாக உரிமம் இருப்பதைச் சொல்லி, பேக்கோடு வந்த உரிம வாசகத்தை ஒட்டுங்கள். எதிராளிக்குப் பதில் சொல்ல 30 நாள். சொல்லாவிட்டால் கிளைம் தானாக விழுந்துவிடும். மறுத்தால் அப்பீல் உண்டு, ஆனால் அதில் தோற்றால் ஸ்ட்ரைக் வரை போகலாம், எனவே உரிம வாசகம் கையில் இல்லாமல் அப்பீலுக்குப் போகாதீர்கள். நாளைக்கு உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் ‘கண்டெண்ட் ஐடி வேண்டுமா’ என்று ஒரு கட்டம் காட்டுவார். லூப் உள்ள ட்ராக்குக்கு அதை டிக் செய்யாதீர்கள்.

‘ஏழு வினாடிக்குள் எடுத்தால் தப்பில்லை’, ‘கிரெடிட் போட்டால் போதும்’, ‘காசு பார்க்காவிட்டால் கேஸ் வராது’ என்று இசை போடுகிற பையன்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். இப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் கேட்காமல் விட்டது மகுடம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: ‘அது நாட்டுப்புற இசைதானே சார், ஊர்ச்சொத்து, மகுடத்துக்கு யார் ஓனர்?’ பாதி சரி. தலைமுறை தலைமுறையாக வரும் சுடலைமாடன் கதைக்கும், அதற்கான அடிகளுக்கும் இன்று எந்தத் தனி ஆளும் உரிமை கொண்டாட முடியாது. நீங்களே மகுடம் கற்று அந்த அடியை அடித்துப் பதிவு செய்தால் கேட்பாரில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கொடையில் அடித்தது குறிப்பிட்ட இரண்டு மனிதர்கள். அந்தக் குறிப்பிட்ட நிகழ்த்தல் அவர்களுடையது. சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பாம்பாட்டிக்கு உள்ள உரிமை மகுடக்காரருக்கு இல்லையா? அது 50 ஆண்டு நீடிக்கும்.

‘ஊர் வரி போட்டுத்தானே கூத்து வைத்தது, பணம் கொடுத்தாயிற்றே’ என்பீர்கள். ஊர் கொடுத்தது அன்றைக்கு அடித்ததற்குச் சம்பளம். நள்ளிரவுச் சாமக்கொடையில் நின்று கேட்டவர்களுக்காக அடித்தார்கள், ஸ்பாட்டிஃபைக்காக அடிக்கவில்லை. கோயில் தர்மகர்த்தாவிடம் அனுமதி வாங்கினாலும் அது கோயில் வளாகத்துக்குத்தான், மகுடக்காரரின் கைக்கு அவர் அனுமதி தர முடியாது. அண்ணாவி, அதாவது பாடுகிற தலைவர், சரி என்றாலும் போதாது. மகுடம் அடித்த இருவரிடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். உங்கள் பதிவில் அண்ணாவியின் குரலோ பின்பாட்டோ இருந்தால் அவர்களிடமும்.

போனில் பிடித்தது குற்றமா என்று மலைக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கும், உண்மையான ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்தவும் பதிவு செய்யலாம் என்று சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. வீட்டில் கேளுங்கள், நண்பனுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஊர் உலகத்துக்கு ஏற்றியதும் விலக்கு முடிந்துவிடுகிறது.

இதைச் சாக்கிட்டுப் பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகளுக்குத் தாவாதீர்கள். ‘கம்பெனியே இழுத்து மூடியாச்சு, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று அவற்றிலிருந்து துண்டு வெட்டிச் சாம்பிள் எடுக்கிறவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு. 1985-இல் வெளியான கேசட்டுக்கு 2045 கடைசி வரை உரிமையாளர் உண்டு. கடை மூடினால் உரிமை வாரிசுக்கோ, வாங்கியவருக்கோ போயிருக்கும். அவர்கள் உங்களைத் தேடி வருவது உங்கள் பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மகுடக்காரர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய் ட்ராக்கை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். சாமியாடும்போது அடிக்கிற அடியை வெட்டி ஒட்டியிருப்பது அவருக்கு ஒப்பவில்லை என்றால் அந்த இடத்தை எடுத்துவிடுங்கள். தன் கலையைச் சிதைத்து மதிப்பைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையும், தன் பெயர் போடச் சொல்லும் உரிமையும் அவருக்குச் சட்டப்படியே உண்டு. சம்மதித்தால் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கொடை, எந்தத் தேதி, எத்தனை நிமிடப் பதிவு, எந்தெந்த ட்ராக்கில், எங்கெல்லாம் ஏற்றலாம், எத்தனை வருடத்துக்கு, இப்போது கையில் எவ்வளவு, பின்னால் வருமானம் வந்தால் எவ்வளவு பங்கு, பெயர் எப்படிப் போட வேண்டும். காலத்தையும் எல்லையையும் கட்டாயம் எழுதுங்கள். லேபிள்காரர் உங்களுக்குச் செய்யப் பார்த்ததை நீங்கள் மகுடக்காரருக்குச் செய்துவிடாதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி, ஆளுக்கொரு நகல். இதற்கு நோட்டரியிடம் போய்ச் செலவழிக்க வேண்டியதில்லை.

லேபிளுக்குக் கட்ட வைத்திருந்த 6,500-ஐ இங்கே கொடுங்கள். மகுடக்காரர்கள் இசைந்தால், கூட்ட இரைச்சலுக்கு நடுவே போனில் பிடித்ததை விட்டுவிட்டு, அமைதியான ஒரு இடத்தில் உச்ச மகுடத்துக்கும் மந்த மகுடத்துக்கும் தனித்தனி மைக் வைத்து 24 பிட் வேவ் ஃபைலாகப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தோலைத் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றி வைத்திருக்கும்போதே பிடித்துவிட வேண்டும், ஆறினால் சத்தம் இறங்கிவிடும். தாளில் கையெழுத்து விழும்வரை யூடியூபில் இருக்கும் நாலு ட்ராக்கையும் பிரைவேட்டில் போட்டு வையுங்கள். கிளைம் வந்ததற்கான டிஸ்ப்யூட்டை மட்டும் இன்றே கொடுத்துவிடுங்கள். லேபிள்காரருக்கு ‘விருப்பமில்லை’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும். ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.