நொதித் தடுப்பான்களைத் தயாரிக்க ஏன் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறார்கள்?

குளுக்கோஸின் திறந்த சங்கிலியில் 4 சீர்மையற்ற கார்பன்கள் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தவை) உண்டு. அவற்றின் முப்பரிமாண அமைப்பு இயற்கையிலேயே தயார். அதை நாமே உருவாக்கப் போனால் போதும் போதும் என்றாகிவிடும். தலைவலி வேறு இடத்தில்: சர்க்கரையின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வினைபுரியும். எனவே வேண்டாதவற்றைப் பென்சைல் போன்ற காப்புத் தொகுதிகளால் மூடி, கடைசியில் நீக்க வேண்டும்.

நொதித் தடுப்பானாகச் செயல்படும் நீரிழிவு மருந்தான மிக்லிட்டாலுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி உண்டு. குளுக்கோஸுடன் எத்தனாலமீனை ஒடுக்க வினையில் (ஹைட்ரஜன் சேர்க்கும் வினை) இணைத்து, அப்புறம் குளுக்கோனோபாக்டர் பாக்டீரியாவை விட்டு ஒரே ஒரு ஹைட்ராக்சிலை மட்டும் கீட்டோனாக (C=O) மாற்றுவார்கள். அந்த இடைநிலைச் சேர்மத்தை ஒடுக்கினால் வளையம் மூடும். சர்க்கரை வளையத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன். குடலில் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதி இதைச் சர்க்கரை என்றே பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்டுவதற்குத்தான் பிணைப்பு இருக்காது.