கேட்டோரம் ஓயாமல் ஓடும் ஜெர்மன் ஷெப்பர்ட்: கடி நாயாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 11 மாதம் ஆகிறது. ஆண். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் போர்ட்டிகோவில் சங்கிலியில்தான் இருக்கும். அவிழ்த்துவிட்டால் கேட்டோரமாக முன்னும் பின்னும் ஓடி, தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது. என் 9 வயது மகன் ஓடினால் துரத்திப்போய்க் காலைக் கவ்வுகிறது. இதுவரை காயம் இல்லை. கடி நாயாகிவிடுமா? வெயிலுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடச் சொல்கிறார்களே, செய்யலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இன்னும் கடி நாய் ஆகவில்லை. தன் பிறவி வேலையை ஆடு இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கிடை நாய், ராத்திரியில் ஆடுகளை அடைத்துவைக்கும் கிடைக்குக் காவல் இருக்கும். ஜெர்மனியில் இந்த இனத்துக்கு இருந்த வேலை வேறு. அங்கே மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் நிற்கும், நடுவில் வேலி இருக்காது. நாய்தான் வேலி. ஆடு வெள்ளாமையில் வாய் வைக்காதபடி எல்லையோரமாக மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஓடும். மீறிப் போகிற ஆட்டின் பிடரியையோ தொடையையோ காயப்படாமல் ஒரு கவ்வு கவ்வி விட்டுவிடும். 1899-இல் மேக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்கென்று சங்கம் தொடங்கியபோதும், அழகைவிட வேலைத்திறன்தான் முக்கியம் என்று பிடிவாதமாக இருந்தார். இப்போது உங்கள் கேட்டையும் மகனையும் நினைத்துப் பாருங்கள். இந்த நாய் வளரும் பல வீடுகளில் காம்பவுண்டு சுவரோரம் புல் முளைக்காத ஒரு தடத்தைப் பார்க்கிறேன். அந்த எல்லையோர ஓட்டத்தின் தடம்தான் அது.

அதனால் சங்கிலியைத்தான் முதலில் குறைக்க வேண்டும். கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழியில்லை. யார் வந்தாலும் குரைத்துத்தான் விரட்ட வேண்டும். தபால்காரர் எப்படியும் போய்விடுவார், நாயோ ‘நான்தான் விரட்டினேன்’ என்று கற்றுக்கொள்ளும். 8 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை காவல் குணம் தலைதூக்கும் பருவம் வேறு. பகலில் வீட்டுக்குள் ஓர் அறையிலோ பின்பக்கமோ விடுங்கள். கேட்டில் உள்பக்கமாகப் பச்சை நிழல் வலையை, நாயின் தலைக்கு மேல் வரும்படி கட்டுங்கள். தெரு கண்ணில் படாமல் இருந்தாலே குரைப்பது நிறையக் குறையும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது இரண்டு முறை குரைக்கட்டும். அப்புறம் பெயர் சொல்லி அழையுங்கள், வந்ததும் பாயில் படுக்கச் சொல்லி ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். அடிக்காதீர்கள். அடி வாங்கும் நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

காலையில் 7 மணிக்குள்ளும், இருட்டிய பிறகும் முக்கால் மணி நேரம் நடை வேண்டும். மோந்து பார்க்க நிற்கும் இடத்தில் நிற்க விடுங்கள். பைக்கோடு ஓட வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். இந்த வயதில் எலும்பு முனைகள் முழுதாக மூடியிருக்காது, இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் அதிகம். வழுக்குகிற டைல்ஸ் தரையில் கோணிச் சாக்காவது விரித்துவையுங்கள்.

உடம்புக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது, மூக்குக்கும் கொடுக்க வேண்டும். பழைய துண்டில் ஒரு பிடி உலர் உணவைத் தூவிச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, கட்டில் அடியில் ஒளித்துவையுங்கள். தேடிக் கண்டுபிடித்து, காலால் அமுக்கி, மூக்கால் உருட்டி, பிரித்துத் தின்று முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும். முடித்துவிட்டுத் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

முடியை ஒட்ட வெட்டாதீர்கள். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற முடி என்று இரண்டு அடுக்கு இருக்கிறது. மேல் அடுக்கு வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. வெட்டினால் பழையபடி வளராமலும் போகலாம். அடி முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் காற்றோட்டம் வரும். வாரும்போதே காது மடல், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மகன் விஷயம். நாய் துரத்தினால் ஓடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லுங்கள். நகராத ஆட்டை மேய்க்க முடியாதே! இருவரையும் தனியாக விடவே வேண்டாம். பல் பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டருகே அவனைப் பார்த்து உறுமினாலோ, விறைத்து நின்று வெறித்தாலோ அது மேய்ப்புக் குணம் இல்லை, நேரில் ஒரு பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், நாயை வேறு அறையில் விட்டுவிட்டு, துண்டைச் சுருட்டி ஒளித்துவைக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள்.