சங்கமன் கவுன்டி அரசியல்வாதிகளின் கல்லறைகள் எங்கே இருக்கின்றன?

இல்லினாய்ஸின் சங்கமன் கவுன்டியில் பழைய உள்ளூர் அரசியல்வாதிகளை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குங்கள். பலர் லிங்கன் சமாதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. லிங்கனை முதலில் வக்கீல் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட ஜான் டாட் ஸ்டூவர்ட் அங்கேதான் இருக்கிறார். 1838 தேர்தலில், பின்னாளில் லிங்கனின் அரசியல் எதிராளியான ஸ்டீபன் டக்ளஸை வெறும் 36 வாக்குகளில் தோற்கடித்து நாடாளுமன்றம் போனவர் அவர். நகர மேயராக இருந்த வில்லியம் ஹெர்ண்டன், ஆளுநர் ஷெல்பி கல்லம் ஆகியோரும் அங்கேதான்.

அப்புறம், பழைய ஆவணத்தில் ஹட்சின்சன் கல்லறைத் தோட்டம் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த இடத்தில் இப்போது ஸ்பிரிங்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி நிற்கிறது. லிங்கனின் மகன் எடியையும் முதலில் அங்கேதான் புதைத்தார்கள். 1865-இல் ஓக் ரிட்ஜுக்கு மாற்றினார்கள்.