வாசல்ல கத்தரிக்காய் போட்டா ஃபைனா?

கேள்வி: ஃப்ளோரிடால சொந்த வீடு. முன்னாடி புல்ல எடுத்துட்டு கத்தரி, வெண்டை வெச்சேன், ஹெச்ஓஏல (வீட்டு உரிமையாளர்கள் சங்கம்) இருந்து நோட்டீஸ் வந்துடுச்சு. காய்கறி தோட்டத்த தடுக்கக்கூடாதுனு சட்டம் இருக்குனு சொல்றாங்களே?

பதில்: இருக்குங்க, 2019ல வந்துச்சு, ஆனா அது கட்டுப்படுத்துறது சிட்டி, கவுன்ட்டியைத்தான். மயாமி ஷோர்ஸ்ல ஒரு தம்பதி முன்வாசல் தோட்டத்துக்காக வருஷக்கணக்கா கேஸ் நடத்தினதுக்கு அப்புறம் வந்த சட்டம் அது. உங்க ஹெச்ஓஏ ரூல் வீடு வாங்குறப்பவே பத்திரத்தோட ஒட்டிக்கிட்டு வர்ற தனியார் ஒப்பந்தம், அதை இந்த சட்டம் தொடாது. (யாரு அந்த கத்தைய முழுசா படிக்கிறா!)

ஆனா 2024ல ஹெச்ஓஏ சட்டத்துல ஒரு திருத்தம் வந்துச்சு, தெருவுல இருந்தும் பக்கத்து வீட்டுல இருந்தும், பக்கத்துல உள்ள பொது இடம், குடியிருப்போட கால்ஃப் மைதானத்துல இருந்தும் கண்ணுல படாத இடத்துல காய்கறி போட்டா ஹெச்ஓஏ தடுக்க முடியாது, அதனால கத்தரி வெண்டைய மறைவா பின்னாடி மாத்துங்க. முன்னாடிதான் வேணும்னா ஆர்க்கிடெக்சுரல் கமிட்டிக்கு (வீட்டோட வெளித்தோற்ற மாற்றத்துக்கு அனுமதி தர்ற ஹெச்ஓஏ குழு) சின்ன ப்ளான் வரைஞ்சு குடுத்து அனுமதிய எழுத்துல வாங்குங்க, வாய்வார்த்தை செல்லாது. அலங்காரச் செடி மாதிரி தெரியுற மிளகாய், ரோஸ்மேரினு கேட்டா சம்மதிக்க வாய்ப்பு அதிகம். நோட்டீஸ மட்டும் கண்டுக்காம விட்டுடாதீங்க, ஃபைன் போடுறதுக்கு முன்னாடி 14 நாள் நோட்டீஸும் ஹியரிங்கும் தரணும், அங்க போய் பேசுங்க.