மூன்று வார ஊசி கிடைக்காமல் போனால்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வில் கசிவு இருக்கிறது. மூன்று வருடமாக 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறோம். இந்த முறை திண்டுக்கல்லில் எந்த மெடிக்கலிலும் ஸ்டாக் இல்லை, 33 நாள் ஆகிவிட்டது. கடைக்காரர் கொடுத்த அஸித்ரோமைசினை மூன்று நாள் கொடுத்தேன். ஏ.எஸ்.ஓ. ரத்த டெஸ்ட்டில் 400 வந்திருக்கிறது. இரவில் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறாள். ஒரு ஊசி தவறினாலே வால்வு போய்விடும், ஊசி போட்டதும் உயிர் போனவர்களும் உண்டு என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பதில்: 12 நாள் தள்ளிப்போனதாலேயே உங்கள் மகளின் வால்வு கெட்டுவிடாது. இதில் உங்கள் தவறும் எதுவும் இல்லை.

இந்த ஊசி வால்வுக்கான மருந்தே அல்ல. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி குடியேறாமல் பார்த்துக்கொள்ளும் காவல். மூன்று வாரம் தாண்டினால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் கிருமி வந்தால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பலாம். திரும்புகிற ஒவ்வொரு முறையும் வால்வில் இன்னொரு தழும்பு விழக்கூடும். அதனால் இனி ஒரு நாளும் காவல் இல்லாமல் இருக்கக் கூடாது.

நாளைக்கே அவளைப் பார்க்கும் இதய டாக்டரிடம் போங்கள். பெனிசிலின் வி மாத்திரை, பொதுவாக 250 மி.கி., காலையும் மாலையும், ஊசி கிடைக்கும்வரை எழுதிக் கொடுப்பார். ஒரு வேளைகூட விடக் கூடாது. அதுவும் கிடைக்காவிட்டால் வேறு மாற்றை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், மெடிக்கல் கடைக்காரர் அல்ல. மூன்று நாள் அஸித்ரோமைசின் மூன்று வாரக் காவலுக்கு ஈடாகாது. இப்படிக் கைக்கு வந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இத்தோடு நிறுத்துங்கள். ஊசி கிடைத்த அன்றே போட்டுவிட்டு, அன்றிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். மெடிக்கலில் இல்லாதது அங்கே இருக்கக்கூடும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்குப் பெரிய பயம் வேறு. 'பெனிசிலின்தானே, எல்லாம் ஒன்றுதான்' என்று கிரிஸ்டலின் பெனிசிலினைப் போட்டுவிடுகிறார்கள். அது சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். இப்படி மாதம் ஒன்று வீதம் மூன்று மாதம் தவறாமல் போட்டுக்கொண்ட ஒரு பையனை, வீங்கிய முழங்காலோடு என்னிடம் தூக்கி வந்தார்கள். 'ஒரு ஊசிகூட விடவில்லையே டாக்டர்' என்று அவன் அப்பா சீட்டையெல்லாம் எடுத்துக் காட்டினார். அவர் விடவில்லை, உண்மைதான். போட்ட மருந்துதான் வேறு. உங்கள் மகளுக்கு வேண்டியது மூன்று வாரம் தாங்கும் பென்சாத்தின் பெனிசிலின். குப்பியில் 'பென்சாத்தின்' என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். அது கரைத்தால் பால்போல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊசிக்குள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர்போல் தெளிவாகக் கரைந்தால் போடவிடாதீர்கள். பென்சாத்தினைத் தசையில்தான் போட வேண்டும், ரத்தக் குழாயில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. ஒரு குப்பியை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு போடுவதும் வேண்டாம். பாதி மருந்து மூன்று வாரம் தாங்காது.

ஏ.எஸ்.ஓ. 400-ஐ மறந்துவிடுங்கள். எப்போதோ அந்தக் கிருமி வந்துபோன தடயம் அது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பலருக்கு அந்த எண் கூடுதலாகத்தான் இருக்கும். இரவுக் கெண்டைக்கால் வலி, காலையில் எழுந்து ஓடினால், வளரும் வயதின் வலி. இந்த இரண்டை மட்டும் வைத்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் இதே ஊசியைப் போடுகிறார்கள். 1950களில் வந்த மருந்து, விலை மிகக் குறைவு, அதனாலேயே மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்படி வரும் குப்பி தேவையில்லாதவர்களுக்குப் போய், உங்கள் மகளுக்கு இல்லாமல் போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு வலி. காய்ச்சலோடு ஒரு முழங்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, இரண்டு நாளில் அது வடிந்து கணுக்காலோ மணிக்கட்டோ வீங்கினால், அப்படி மூட்டுக்கு மூட்டு தாவினால், அது ருமாட்டிக் காய்ச்சல் திரும்பியதன் அடையாளம். தைலம் தேய்க்க வேண்டாம், வலி மாத்திரை கொடுத்து வீக்கத்தை மறைக்கவும் வேண்டாம். அன்றே மருத்துவமனை. படுத்தால் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அதுவரை, காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால்கூட அன்றே காட்டிவிடுங்கள்.

ஊசியால் உயிர் போகும் என்று படித்தீர்கள். கடுமையான அலர்ஜி உண்டு, ஆனால் அரிது. உங்கள் மகள் இதுவரை ஏறக்குறைய ஐம்பது ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அவசர மருந்துகள் உள்ள இடத்தில் போடுங்கள், சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள், படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

இனி ஒரு ஊசி போட்ட மறுநாளே அடுத்த குப்பிக்குச் சொல்லி வையுங்கள். ஒன்று போதும். ஆறு வாங்கி அடுக்கினால் இன்னொரு பிள்ளைக்கு இருக்காது.