முந்தாநாளே தொடங்கும் வேலை: ஐஸ் கறி பற்றிய கேள்வி-பதில்

சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கினால் சமையல்கூடங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை எப்படி ஐஸ் விடவைப்பது என்பதைப் பற்றியவைதான். இந்த முறை வந்தவற்றில் சில.

மறுநாள் மதிய விருந்துக்கான 60 கிலோ ஐஸ் கோழியை இரவு 10 மணிக்கு அண்டாவில் கொட்டி மூடி வைக்கிறோம். காலையில் வெட்டப் பதமாக இருக்கிறது. அப்பா காலத்திலும் கறியை வெளியில்தான் வைத்தார்கள். இதில் என்ன தவறு?
*(சமையல் ஒப்பந்தக்காரர், பெருந்துறை)*

உங்கள் அப்பா காலத்தில் கோழி விடியற்காலையில் அறுபட்டது; வெயில் ஏறும் முன்பே அடுப்பில் ஏறியது. ஐஸ் கோழிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அண்டாவுக்குள் நடப்பதைப் பாருங்கள். கோழி வெளியிலிருந்து உள்ளே உருகுகிறது. நள்ளிரவுக்குள் மேல் அடுக்கும் ஓரங்களும் ஐஸ் விட்டுவிடும். நடுவில் இன்னும் கல்லாக இருக்கும். அந்த நடுப்பகுதி இளகுவதற்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வெளிப்பகுதி நம் ஊர்க் கோடை இரவின் சூட்டில் கிடக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிகள் பெருகும் எல்லை. சூழல் ஒத்துவந்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். அதே வேகத்தில் 7 மணி நேரம் போனால் அந்த ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். உறையவைத்ததால் கிருமி செத்துவிடுவதில்லை. ஐஸ் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

“எப்படியும் கொதிக்கவைக்கத்தானே போகிறோம்” என்று நீங்கள் கேட்கலாம். கொதியில் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது விட்டுச்செல்லும் நஞ்சு, கொதித்தாலும் அழியாது. பந்தியில் உட்காரும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அதைப் பரிமாற நமக்கு உரிமையில்லை.

சரியான வழி, 5 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் ஃப்ரிட்ஜ். இரண்டு, இரண்டரை கிலோ பொட்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஐந்து கிலோக் கட்டியென்றால் இரண்டு நாள். ஞாயிறு மதிய விருந்துக்கு வெள்ளி காலையிலேயே கட்டியை ஃப்ரீசரிலிருந்து இறக்க வேண்டும். அதனால், வாங்கும்போதே சிறு பொட்டலங்களாகக் கேளுங்கள். ஐஸ் விட்ட கறியை 12 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும்.

அந்த அளவு ஃப்ரிட்ஜ் எங்களிடம் இல்லையே?
*(விடுதிச் சமையல்கூட மேலாளர், அவிநாசி)*

அப்படியானால் உங்களுக்கு ஐஸ் கோழியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்போன பல்லடம் பக்கத்தில் இருக்கிறது. அன்று அறுத்ததை அன்று காலையில் ஐஸ் போட்ட பெட்டியில் வரவழைத்து, நேராகச் சமைக்கலாம். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகிறது என்று மொத்தமாக உறைகோழி வாங்கி, வைக்க இடமில்லாமல் தரையில் உருகவிடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உருக்கலாமா?
*(உணவகச் சமையலர், ஈரோடு)*

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இதை இறால் போன்ற ஓட்டுடலிகளுக்குத்தான் சொல்கிறது. அதுவும் 15 டிகிரிக்கு மேல் போகாத குடிநீரில், 90 நிமிடத்துக்குள். கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் ஃப்ரிட்ஜ் அல்லது மைக்ரோவேவ். மைக்ரோவேவில் உருக்கினால் சில இடங்கள் அப்போதே வேகத் தொடங்கிவிடும் என்பதால், வெளியே எடுத்த உடனே சமைக்க வேண்டும்.

ஈரோட்டில் சித்திரை மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். 15 டிகிரி எங்கே, அது எங்கே! இறாலைக் கசியாத பையில் கட்டி, ஐஸ் கட்டிகள் மிதக்கும் தொட்டியில் போடுங்கள். வெந்நீர் எதற்குமே கூடாது.

கூட்டம் குறைந்துவிட்டது. ஐஸ் விட்ட கறியில் 8 கிலோ மீந்தது. மறுபடி ஃப்ரீசரில் போடலாமா?
*(கேட்டரிங் நடத்துபவர், கோபிசெட்டிபாளையம்)*

கூடாது. அன்றே சமைத்து, பணியாளர்களுக்குப் போடுங்கள். அடுத்த முறை பாதியை முதலில் இறக்கிவிட்டு, வருகையை உறுதிசெய்துகொண்டு மீதியை இறக்குங்கள்.

ஃப்ரிட்ஜில் கறியை எந்தத் தட்டில் வைப்பது?
*(கல்லூரி விடுதிச் சமையலர், கோவை)*

கடைசித் தட்டில். விளிம்புள்ள ஆழமான தாம்பாளத்தில், மூடி வைக்க வேண்டும். மேல்தட்டில் கறியும் கீழே தயிரும் நறுக்கிய வெள்ளரியும் இருக்கும் ஃப்ரிட்ஜ்களை நான் பார்க்காத மாதமில்லை. கறியிலிருந்து வடியும் நீர் ஒரு சொட்டு தயிரில் விழுந்தால் போதும். தயிரை யாரும் அடுப்பில் வைக்கப்போவதில்லை. தாம்பாள நீரைக் கொட்டிய தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கொத்தமல்லி அலச வேண்டும்.

ஆட்டுத்தொடை வெளியே நன்றாக வெந்திருக்கிறது, எலும்பருகே சிவந்திருக்கிறது. ஏன்?
*(கிடா விருந்துச் சமையலர், தாராபுரம்)*

நடுவில் ஐஸ் விடாமலே அடுப்பேறியிருக்கலாம். இளம் கறியில் எலும்பருகே நன்றாக வெந்த பிறகும் சிவப்பு தங்குவதுண்டு. எனவே நிறத்தை நம்ப வேண்டாம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எலும்பைத் தொடாமல், தடிமனான இடத்தில் குத்துங்கள். 75 டிகிரி காட்ட வேண்டும். நான் ஆலை கேன்டீனில் இருந்த காலத்தில் கரண்டியால் அமுக்கிப் பார்த்தே வெந்ததென்று முடிவு செய்தோம். ஒரு நாள் இரவு ஷிப்டில் பதினைந்து பேருக்கு வாந்தி. அடுத்த வாரமே தெர்மாமீட்டர் வாங்கினேன்.

ஐஸ் பட்டாணி, பரோட்டா?
*(டிபன் கடைக்காரர், உடுமலை)*

உருக்கவே வேண்டாம். பட்டாணி நேராகக் கொதிக்கும் குருமாவுக்கு. பரோட்டா நேராகக் கல்லுக்கு. துருவி உறையவைத்த தேங்காயை மட்டும் ஃப்ரிட்ஜில் இளகவிட்டு அரையுங்கள். சட்னியை நாம் கொதிக்கவைப்பதில்லை என்பதால் தேங்காயை வெளியில் இளகவிடுவது ஆபத்து.

மாதப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது என்கிறார்கள். ஃப்ரீசரில் 40 கிலோ கறி இருக்கிறது.
*(கேட்டரிங் நடத்துபவர், பொள்ளாச்சி)*

திறக்காதீர்கள், அவ்வளவுதான். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் 48 மணி நேரம் வரை குளிர் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே உள்ள ஃப்ரிட்ஜுக்கு 4 மணி நேரம்தான் கெடு. அதனால் அங்கே ஐஸ் விட்டுக்கொண்டிருக்கும் கறியைக் காலையிலேயே ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். ஃப்ரீசர் கதவில் “மாலை வரை திறக்க வேண்டாம்” என்று ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், உதவியாளர்கள் எல்லாருக்கும் வாயாலும் சொல்லிவிடுங்கள்.