ஒற்றைக் கண்ணோடு நடிக்கப் போனவர்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான் பையன். பிறவியிலேயே மாறுகண் உள்ள பிள்ளையை யார் கேமரா முன்னால் நிறுத்துவார்கள் என்று நீங்கள் தூங்காமல் கிடக்கிறீர்கள். கண் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

பீட்டர் ஃபால்க் என்று ஒரு அமெரிக்க நடிகர். 1927-ல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் கண்ணில் புற்றுநோய் வந்து வலது கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கண்ணாடிக் கண்தான். பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் தப்பாக அவுட் கொடுத்துவிட்டார் என்று கோபம் வந்து, அந்தக் கண்ணைக் கழற்றி நீட்டி, என்னைவிட உங்களுக்குத்தான் இது தேவை என்றாராம். இதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் பையனின் கண்ணைப் பற்றி அவன் எதிரில் சகஜமாகப் பேச முடிகிறதா அம்மா? கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அதை இந்த வாரமே தொடங்குங்கள்.

சினிமாக்காரர்கள் பேச்சு இன்னும் கடுமையாக இருக்கும். கொலம்பியா ஸ்டுடியோவின் தலைவர் ஹாரி கோன், இதே காசுக்கு இரண்டு கண்ணுள்ள நடிகர் கிடைப்பாரே என்று சொல்லித்தான் ஃபால்க்கைத் திருப்பி அனுப்பினார். ஆனால் 1960, 1961 இரண்டு வருடப் படங்களுக்கும் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது. 1968-ல், நாற்பது வயதில், தொலைக்காட்சியில் துப்பறியும் 'கொலம்போ'வாக வந்தார். கசங்கிய மழைக்கோட்டு, கையில் சுருட்டு. அந்தக் கோட்டுகூட அவருடைய சொந்தக் கோட்டுதான். அந்த ஒரு வேடத்துக்கு மட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி நான்கு முறை.

சரி, படிப்பு. பையன் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஃபால்க் கல்லூரியிலிருந்து நேராக நடிக்க ஓடவில்லை. இடையில் கப்பலில் சமையல்காரராகப் போனார். திரும்பி வந்து 1951-ல் பட்டம் வாங்கினார், 1953-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலை முடித்தார். கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில் உத்தியோகம். வேலை நேரம் போக, ஹார்ட்ஃபோர்டில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்தார்.

பிறகு வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் ஈவா லெ கலியென் என்ற பெரிய நாடக நடிகை நடத்திய வகுப்பில் சேர்ந்தார். தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு அது. இவரும் நடிகர் என்று சொல்லித்தான் நுழைந்திருந்தார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து புதன்கிழமைதோறும் வண்டி ஓட்டிக்கொண்டு, பெரும்பாலும் தாமதமாகவே வருவார். ஏன் என்று அந்த அம்மாள் கேட்டதும், நான் உண்மையில் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்படியானால் நீங்கள் நடிகராகத்தான் ஆக வேண்டும்" என்றார் அவர். அதன் பிறகுதான் வேலையை விட்டார். 1956-ல் நியூயார்க் மேடையில் ஏறினார்.

அதனால் நடிக்காதே என்று பையனிடம் சொல்லாதீர்கள். பட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள், இன்னும் ஒரு வருடம்தானே. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் சேரவே பட்டம் கேட்கிறார்கள், நாடகத்தில் நடித்த அனுபவமும் கேட்கிறார்கள். இந்த வருடமே ஊரில் உள்ள ஒரு நாடகக் குழுவில் அவன் சேரட்டும். வசனம் இல்லாத வேடமானாலும் சரி, மேடைக்குப் பின்னால் நாற்காலி தூக்கினாலும் சரி. ஆறு மாதம் விடாமல் போகிறானா என்று பாருங்கள். அந்தக் குழுவை நடத்துபவரிடம் நீங்களே போய், இவனிடம் சரக்கு இருக்கிறதா என்று மனம் விட்டுக் கேளுங்கள். நடிக்க வைக்கிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

ஒத்திகை முடிந்து ராத்திரி தாமதமாக வந்தால் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்க வேண்டாம். இன்றைக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.